கட்டளையும் பற்றுச்சீட்டும்: கார் எஞ்சினின் தீப்பொறிச் சமிக்ஞைப் பிழையைக் கண்டறியும் முறை



சென்ற தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலைப் பூசை முடிந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கையில், எமது ஆலய அடியார் ஒருவர் எம்மை ஓரமாக அழைத்து ஒரு தாளை நீட்டினார். "தம்பி, நீர் கணக்குப் பாக்கிற ஆள். இந்தக் கணக்கையும் ஒருக்கால் பாரும்" என்றார். அது ஒரு கராஜ் கொடுத்த மதிப்பீடு. எஞ்சின் கணனியை மாற்ற 1,350 டொலர். அதற்கு முதல் வாரந்தான் நான்கு கொயில்களும் பிளக்குகளும் மாற்றி 520 டொலர் கட்டியிருந்தார். கார் பழையபடியேதான் இருந்தது. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் எழும்பும். இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடும். சில நாட்களில் ஒழுங்காக ஓடும். ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் நடு ஒழுங்கையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றிருக்கிறது.

அவருடைய மனைவியாருக்குக் கிழமையில் மூன்று நாட்கள் டயலிசிஸ் சிகிச்சை. "கார் எண்டால் இருபது நிமிசம். பஸ் எண்டால் இரண்டு இடத்தில மாறி ஏறவேணும். இந்தக் குளிருக்குள்ள அவவைக் கொண்டுபோய்த் தெருவில எப்பிடி நிக்கிறது?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

நாம் கணக்காளரேயன்றி மெக்கானிக் அல்லர். ஆயினும் இந்தப் பிழையைத் தேடும் முறை, கணக்கில் பிழை தேடும் முறையே. அதனால் இந்த இதழின் பாடமாக அதனை எடுத்துக்கொள்கிறோம். கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தாமே கையால் செய்யாவிட்டாலும், கராஜில் சரியான கேள்வியைக் கேட்பதற்காவது இதனை அறிந்திருத்தல் நன்று.

1. தீப்பொறியின் நேரம்

பெற்றோல் எஞ்சினில் பிஸ்ரன் மேலேறிக் காற்றையும் எரிபொருளையும் அழுத்துகிறது. அது உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பிளக்கில் தீப்பொறி விழவேண்டும். ஏனெனில், கலவை எரிந்து அழுத்தம் பெருகுவதற்குச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் பிஸ்ரன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கும். பொறி முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் வலு குறையும், சூடு ஏறும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், கிராங் தண்டு ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே 18 பாகை திரும்பிவிடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்த வேகத்தில் விநாடிக்கு 100 பொறிகள் விழவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 1990களில் வளர்ந்த எம்போன்றோர் இதனைக் கண்ணால் கண்டவர்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடையாது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஒரு சிறங்கை பெற்றோல் விட்டு எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் இலகுவில் தட்டும் எரிபொருள். ஆகவே பொறியைச் சற்றுப் பிந்தவைக்க வேண்டும். பெரியவர்கள் டிஸ்ரிபியூற்றரின் ஆணியை இளக்கி, காதைக் கொடுத்துக் கேட்டபடி அதனைத் தலைமயிரளவு திருப்புவார்கள். தட்டல் நின்றதும் ஆணியை இறுக்குவார்கள். அதுதான் அன்றைய தீப்பொறி நேரச் சீராக்கம்.

இன்றைய கார்களில் திருப்புவதற்கு டிஸ்ரிபியூற்றரே இல்லை. அந்த வேலையைக் கணனி செய்கிறது. காதால் கேட்டுத் திருத்த முடியாது, அளந்துதான் பார்க்கவேண்டும்.

2. கட்டளை போகும் வழி

எம்மவர் பலர் வைத்திருக்கும் ரொயோட்டா கொறோலாவை உதாரணமாக எடுப்போம். 2003 முதல் 2008 வரையான கொறோலா இங்கு ஒன்ராறியோவிலுள்ள கேம்பிரிட்ஜ் ஆலையிலும் செய்யப்பட்டது. அதன் 1.8 லீற்றர் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு கொயிலாக நான்கு கொயில்கள் உண்டு.

முதலாவதாக, கிராங் தண்டோடு சுழலும் ஒரு பற்சக்கரம். அதில் 36 பற்களுக்கு இடமிருந்தும் 34 பற்களே உள்ளன. இரண்டு வேண்டுமென்றே விடப்பட்டவை. பக்கத்திலுள்ள உணரி ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின் துடிப்பைக் கணனிக்கு அனுப்பும். ஒரு பல் என்றால் 10 பாகை. வெற்றிடம் வரும்போது தண்டு எங்கே நிற்கிறது என்பது கணனிக்குத் தெரியும். காம் தண்டிலுள்ள இன்னோர் உணரி, எந்தச் சிலிண்டரின் முறை என்று சொல்லும்.

இரண்டாவதாக, கணனி கணக்குப் பார்த்து அந்தக் கொயிலுக்குக் கட்டளை அனுப்பும். ரொயோட்டா கைநூல்கள் இதனை ஐ.ஜி.ரி சமிக்ஞை என்கின்றன. இது சுமார் 5 வோல்ற்றுத் துடிப்பு. நான்கு கொயில்களுக்கும் தனித்தனி நான்கு வயர்கள்.

மூன்றாவதாக, கொயில் தன் வேலையைச் செய்ததும், "செய்தேன்" என்று கணனிக்கு ஒரு பதில் அனுப்பும். இது ஐ.ஜி.எஃப் சமிக்ஞை. இதற்கு நான்கு கொயில்களுக்கும் பொதுவாக ஒரே வயர். கணனி அந்த வயரில் 5 வோல்ற்றை வைத்துக்கொண்டு காத்திருக்கும். கொயில் அதனை ஒரு கணம் கீழே இழுத்துவிடும். அதுவே பதில்.

எமது தொழில் மொழியிற் சொன்னால், ஐ.ஜி.ரி என்பது பணம் செலுத்தும் கட்டளை, ஐ.ஜி.எஃப் என்பது பற்றுச்சீட்டு. பற்றுச்சீட்டு வராவிட்டால் கந்தோர் அடுத்த கொடுப்பனவை நிறுத்துவதுபோல, கணனி எரிபொருளை நிறுத்திவிடும். காரணம், பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெற்றோல் வெளியேறினால் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி அளவுக்கு மிஞ்சிச் சூடாகிப் பழுதாகும்.

இங்கேதான் பலரும் இடறுவது. பணம் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருக்கலாம். பற்றுச்சீட்டு மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதாவது, பொறி நன்றாகவே விழும். பதில் கொண்டுபோகும் வயர் அறுந்திருந்தால் எஞ்சின் எழும்பி உடனே நின்றுவிடும்.

3. முதலில் குறியீடு

கனடாவில் 1998 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கார்களில் பொதுவான ஓ.பி.டி-2 முறை உண்டு. சாரதியின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போட்டின் கீழ் 16 ஊசி இணைப்பான் இருக்கும். விலை குறைந்த வாசிப்புக் கருவியே குறியீடுகளைக் காட்டப் போதுமானது. எமது விடயத்துக்குரியவை இவை:

பி0335 – கிராங் உணரிச் சுற்று.
பி0340 – காம் உணரிச் சுற்று.
பி0351, பி0352, பி0353, பி0354 – முறையே 1, 2, 3, 4 ஆம் கொயிற் சுற்றுக்கள்.

குறியீடு என்பது தீர்ப்பு அன்று, முறைப்பாடு மட்டுமே. "2 ஆம் கொயிலின் சுற்று" என்றால் அந்தச் சுற்றில் கொயிலும் உண்டு, வயரும் உண்டு, இணைப்பானும் உண்டு. முறைப்பாட்டைக் கேட்டதும் கொயிலை மாற்றுவது, விசாரணையின்றித் தண்டனை கொடுப்பது போன்றது.

குறியீட்டை எழுதி வைக்காமல் அழிக்கவேண்டாம். பற்றறியைக் கழற்றினாலும் அவை அழிந்துவிடும். பிழை நடந்த கணத்தில் எஞ்சினின் சூடும் வேகமும் எவ்வளவு என்ற பதிவும் கணனியில் இருக்கும், அதனையும் எழுதிக்கொள்ளவும்.

4. தொடுமுன் கவனிக்கவேண்டியவை

கொயிலிலிருந்து வருவது 20,000 வோல்ற்றுக்கு மேற்பட்டது. எஞ்சின் ஓடும்போது கொயிலையோ பிளக்கையோ கழற்றக்கூடாது. இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்ட நிற்கக்கூடாது. மூடிய கராஜிலோ நிலக்கீழ்த் தரிப்பிடத்திலோ எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்யக்கூடாது. மணமற்ற காபனோரொட்சைட்டு உயிரைக் கொல்லும். இணைப்பான்களைக் கழற்றுமுன் திறப்பை நிறுத்தவும். பழைய வகைப் பல்ப் சோதனை விளக்கைக் கணனி வயரில் தொடவேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டம் கணனியையே பழுதாக்கக்கூடும். சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றரும், எல்.ஈ.டி வகைச் சோதனை விளக்கும் போதும். வயரின் உறையைக் குத்தித் துளைக்கவேண்டாம். துளை வழியே உப்புநீர் புகுந்து அடுத்த மாரியில் புதுப் பிழையைத் தரும்.

5. தேடும் ஒழுங்கு

படி 1: பற்றறி. ஓய்விலிருக்கும் நல்ல பற்றறி 12.6 வோல்ற்று அளவில் காட்டும். ஸ்ராட்டர் சுற்றும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே பெரிதாக இறங்கினால் முதலில் அதனைச் சரிசெய்க. ஆரம்ப மீதி பிழையென்றால் பின்னால் வரும் எந்தக் கூட்டுத்தொகையும் சரிவராது.

படி 2: குறியீடு ஒன்றா, பலவா? இதுவே மிக முக்கியமான கேள்வி. ஒரு கொயிலுக்கு மட்டும் குறியீடு என்றால் பிழை அந்தக் கிளையில் உண்டு. நான்குக்கும் ஒன்றாக வந்தால், நான்கு கொயில்களும் ஒரே நாளில் செத்தன என்பது நம்பத்தக்கதன்று. நான்குக்கும் பொதுவானதைத் தேடவேண்டும். பொதுவானவை 12 வோல்ற்று வழங்கல், ஏர்த், ஐ.ஜி.எஃப் வயர், இறுதியாகக் கணனி.

படி 3: ஒரு குறியீடானால் இடம் மாற்றிப் பார்க்க. பி0352 வந்தால் 2 ஆம் கொயிலையும் 3 ஆம் கொயிலையும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்க. குறியீடு பி0353 ஆக மாறினால் கொயில் பழுது. பி0352 ஆகவே நின்றால் கொயில் குற்றமற்றது. வயரையும் இணைப்பானையும் பார்க்க. இச்சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

படி 4: கட்டளையைப் பார்க்க. ஐ.ஜி.ரி வயரில் எல்.ஈ.டி விளக்கைப் பிடித்தால், ஸ்ராட்டர் சுற்றும்போது அது மினுங்கவேண்டும். மீற்றரில் ஹேர்ட்ஸ் அளவு இருந்தால், எஞ்சின் 700 சுற்றில் ஓய்வாக ஓடும்போது ஒரு கொயிலுக்கு ஏறக்குறைய 6 காட்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆகவே நிமிடத்துக்கு 350, விநாடிக்கு 5.8. நான்கு வயரிலும் கட்டளை இல்லையென்றால் பிழை இன்னும் முன்னால் உள்ளது. கிராங் உணரிக்குப் போக.

படி 5: பற்றுச்சீட்டைப் பார்க்க. நான்கு கொயில் இணைப்பான்களையும் கழற்றி, திறப்பை ஓட்ட நிலையில் வைத்து, எஞ்சினை எழுப்பாமல், இணைப்பானின் ஐ.ஜி.எஃப் துளைக்கும் ஏர்த்துக்கும் இடையே அளக்க. 4.5 முதல் 5.5 வோல்ற்று வரவேண்டும். வந்தால் வயர் நலம். கொயில்களை ஒவ்வொன்றாக மாட்டி, எது அதனைக் கீழே இழுத்தே வைத்திருக்கிறது என்று பார்க்க. வராவிட்டால், கணனியின் பக்கத்தில் அதே வயரை அளக்க. அங்கே 5 வோல்ற்று இருந்து இங்கே இல்லையென்றால், கணனி தன் கடமையைச் செய்கிறது. இடையில் வயர் அறுந்துள்ளது. அங்கும் இல்லையென்றால் மட்டுமே கணனியையோ, ஏர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கும் வயரையோ சந்தேகிக்கலாம்.

படி 6: கிராங் உணரி. சூடானதும் எஞ்சின் நின்று, ஆறியபின் எழும்பினால் இதன்மேல் சந்தேகம் கொள்க. ஸ்ராட்டர் சுற்றும்போது பல கார்களில் எஞ்சின் வேக முள் சற்று அசையும். அசையவே இல்லையென்றால் கணனிக்குச் சமிக்ஞை போகவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. உணரியைக் கழற்றி அதன் தடையை அளக்கலாம். சரியான அளவு காருக்குக் கார் வேறுபடும், கைநூலைப் பார்க்க. முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்தது நிச்சயம். ஆனால் குளிரில் அளந்து "சரி" என்று விடக்கூடாது. செம்புக் கம்பியின் தடை ஒரு பாகை சூட்டுக்கு ஏறக்குறைய 0.4 வீதம் கூடும். உள்ளேயுள்ள மெல்லிய வெடிப்பும் சூட்டில்தான் விரியும். ஆகவே நின்றுபோன அந்த நேரத்தில், சூட்டோடு சூடாக அளக்க.

6. அடியாரின் காரிற் கண்டது

மறுநாள் சனிக்கிழமை, மருத்துவமனையிலிருந்து அவர்கள் திரும்பியபின், அவருடைய மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குப் போனோம். எஞ்சினை எழுப்பவேயில்லை. குறியீடுகள் பி0351 முதல் பி0354 வரை நான்கும் இருந்தன. புதிதாகப் போட்ட நான்கு கொயில்களோடும் அதே நான்கு குறியீடுகள்! அந்த 520 டொலர் எங்கே போயிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பற்றறி 12.5. கொயில்களுக்கு வரும் வழங்கல் வயர் 12.4. ஏர்த் சரி. ஐ.ஜி.எஃப் துளையில் 0. அடியார் முகம் வாடியது. "அப்ப கராஜ்காரர் சொன்னது சரிதானே, தம்பி?" என்றார். "பொறுங்கோ அண்ணை, மற்றப் பக்கத்தையும் பார்ப்பம்" என்று, முன் பயணியின் பக்கத்துச் சிறுபெட்டியைக் கழற்றிப் பின்னாலுள்ள கணனியின் இணைப்பானில் அளந்தோம். 5.0 வோல்ற்று. கணனி உயிரோடிருந்தது.

பின் அவர் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருக்க, நாம் வயர்க்கட்டை இணைப்பானிலிருந்து பின்னோக்கி அங்குலம் அங்குலமாக அசைத்து வந்தோம். ஓரிடத்தில் அவர் "வந்திட்டுது! போட்டுது! திருப்பி வந்திட்டுது!" என்று கத்தினார். முன்னர் எப்போதோ வேலை செய்த யாரோ வயர்க்கட்டின் பிடி ஒன்றைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தார். கட்டுத் தொங்கி இரும்பு விளிம்பில் உரசி, ஒரு வயரின் செம்பு ஏறக்குறைய முழுதும் அறுந்திருந்தது. பழுதான துண்டை வெட்டி, புது வயர் வைத்து ஈயம் உருக்கி ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடி, புதுப் பிடி மாட்டினோம். பொருட்செலவு 10 டொலருக்குள். செவ்வாய்க்கிழமை அவர்கள் காரிலேயே மருத்துவமனைக்குப் போனார்கள். இதனை எழுதும்வரை அது நிற்கவில்லை.

7. கராஜ்காரர் பக்க நியாயம்

கணனியைச் சந்தேகித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2010 ஆகஸ்ற் மாதம், ரொயோட்டா நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்பட்ட 2005 முதல் 2008 வரையான கொறோலா, மற்றிக்ஸ் கார்களில் ஏறக்குறைய 11 இலட்சத்து 30 ஆயிரத்தை எஞ்சின் கணனிக் குறைபாட்டுக்காகத் திருப்பி அழைத்தது. எஞ்சின் எழும்பாமலும், ஓடும்போது நின்றும் போகலாம் என்பதே குறைபாடு. ஆகவே அந்த ஆண்டுகளின் கார் வைத்திருப்போர், அத்திருத்தம் செய்யப்பட்டுள்ளதா என்று காரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து விற்பனை முகவரிடம் கேட்டறிவது அவசியம். எமது அடியாரின் கார் 2004 ஆம் ஆண்டினது. அந்த அழைப்புக்குள் அடங்காதது. ஊகம் பொதுவில் நியாயமானது. இந்தக் காருக்குப் பொருந்தவில்லை. அளந்து பார்க்காததுதான் பிழை.

ஆகவே கராஜில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. என்ன குறியீடு வந்தது? எந்த இடத்தில் எதை அளந்தீர்கள்? அங்கே எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது? இவற்றுக்குப் பதில் சொல்லும் மெக்கானிக்குக் கண்டறியும் கூலியாக ஒரு மணிநேரப் பணத்தை மனமுவந்து கொடுங்கள். பொருள் மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட அது மலிவானது.

இன்னொன்று. ஒன்ராறியோவில் 1999 இல் தொடங்கிய புகைப் பரிசோதனைத் திட்டம் பயணிகள் கார்களுக்கு 2019 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆகவே எஞ்சின் எச்சரிக்கை விளக்கைக் கவனிப்பது இப்போது எமது பொறுப்பே. அது தொடர்ந்து எரிந்தால் விரைவில் குறியீட்டைப் பார்க்கவும். மினுங்கினால் வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்.

பயிற்சி

வினா 1: பி0353 மட்டும் வந்தது. 3 ஆம் கொயிலை 1 ஆம் இடத்துக்கு மாற்றியதும் பி0351 வந்தது. பழுது எது?

வினா 2: நெடுந்தூரம் ஓடியபின் எஞ்சின் நின்றது, ஸ்ராட்டர் சுற்றும்போது வேக முள் அசையவில்லை. அரைமணி நேரத்தில் தானாகச் சரியானது. எதனை, எப்போது அளப்பீர்கள்?

வினா 3: நான்கு குறியீடுகளும் உள்ளன. நான்கு கொயில்களையும் கழற்றியபோது ஐ.ஜி.எஃப் வயரில் 5 வோல்ற்று. 3 ஆவதை மாட்டியதும் 0. என்ன முடிவு?

விடைகள்: (1) இடம் மாறிய கொயில். (2) கிராங் உணரியையும் அதன் வயரையும், நின்ற உடனேயே சூட்டில். (3) 3 ஆம் கொயில் உட்பழுதாகிப் பொது வயரை இழுத்து வைத்திருக்கிறது. மற்றைய மூன்றும் குற்றமற்றவை.

அடியார் எமக்குத் தரவந்த பணத்தை அன்னதான உண்டியலில் இடும்படி கேட்டுக்கொண்டோம். அதற்குரிய பற்றுச்சீட்டையும் மறவாமல் வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த இதழில் பற்றறியையும் ஒல்ரனேற்றரையும் மாரிக்கு முன் சோதிக்கும் முறையைப் பார்ப்போம்.